ஆற்றங்கரையில் மீண்ட ஓங்காரம்

(ஆலயத் திருவிழாவை முன்னிட்டு நிகழ்ந்த சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருவிழா மேடையில் ஒரு ஜெர்மன் நாவலைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், ஹெர்மன் ஹெஸ்ஸே 1922ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சித்தார்த்தா' நமக்கு அந்நியமான நூலன்று. அவருடைய தாயார் பிறந்த ஊர் கேரளத்துத் தலச்சேரி. தாய்வழிப் பாட்டனார் ஹெர்மன் குண்டர்ட் மலையாள மொழிக்குப் பேரகராதி தந்தவர். 1911இல் கீழ்த்திசைப் பயணம் மேற்கொண்ட ஹெஸ்ஸே, பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் வந்து சென்றவர்.

நாவலின் நாயகனாகிய சித்தார்த்தன் புத்தர் பெருமான் அல்லன். புத்தர் இக்கதையில் கோதமர் என்னும் பெயரில் தனியே தோன்றுகிறார். சித்தார்த்தனோ ஓர் அந்தணரின் மகன். வேதமும் ஓங்காரத் தியானமும் இளமையிலேயே கைவரப் பெற்றவன். ஆயினும் அவன் உள்ளம் நிறைவடையவில்லை. துறவு பூண விடை கேட்கிறான், தந்தை மறுக்கிறார். இரவு முழுவதும் கைகட்டி நின்ற இடத்திலேயே நிற்கிறான். விடியற்காலையில் தந்தை மனம் தளர்ந்து விடை தருகிறார். அதன்பின் அவன் அவரைக் காணவே இல்லை.

சிரமணத் துறவிகளோடு உடலை வருத்துகிறான். கோதமரை வணங்கியும் அவருடைய சங்கத்தில் சேராமல் விலகுகிறான். பின்னர் நகரம் புகுந்து கமலா என்னும் கணிகையின் அன்பிலும், வாணிகத்திலும், சூதாட்டத்திலும் ஆழ்கிறான். கமலாவின் பொற்கூண்டிலிருந்த பாடும் பறவை இறந்துவிட்டதாக ஒருநாள் கனவு காண்கிறான். அப்பறவை அவன் ஆன்மாவே என்பதை நாம் உணரலாம். அன்றே அனைத்தையும் துறந்து வெளியேறுகிறான்.

வெறுப்பின் உச்சத்தில் ஆற்றில் விழுந்து உயிர்விட எண்ணுகிறான். அந்தக் கணத்தில், நெடுங்காலம் மறந்திருந்த ஓங்காரம் அவன் நெஞ்சின் ஆழத்திலிருந்து எழுகிறது. அதுவே அவனைக் காக்கிறது. தந்தையின் இல்லத்தில் ஊன்றப்பட்ட வித்து, அத்தனை ஆண்டுகளுக்குப் பின் முளைவிடுகிறது!

ஆற்றைக் கடத்திவிடும் ஓடக்காரர் வாசுதேவரிடம் அவன் அடைக்கலம் புகுகிறான். கண்ணனைச் சுமந்து யமுனையைக் கடந்த வசுதேவர் நம் நினைவுக்கு வருகிறார் அல்லவா? அவ்வோடக்காரர் உபதேசம் செய்வதில்லை. ஆற்றுக்குச் செவிகொடுக்கக் கற்றுத் தருகிறார்.

அன்பர்களே, கதையின் உயிர்நிலை இனிமேல்தான். கமலா பாம்பு தீண்டி இறக்க, அவள் ஈன்ற தன் மகனைச் சித்தார்த்தன் வளர்க்க முயல்கிறான். அன்பினாலேயே கட்டிவைக்க நினைக்கிறான். மகனோ வெறுத்து நகருக்கு ஓடிவிடுகிறான். அந்தப் புண் ஆறாமலிருந்த ஒருநாள், ஆற்று நீரில் தன் முகத்தைப் பார்க்கிறான். அதில் தந்தையின் முகச்சாயல் தெரிகிறது. தான் அன்று தந்தைக்கு அளித்த துயரமே இன்று தன்னிடம் திரும்பியிருப்பதை உணர்கிறான். அழுகையும் சிரிப்புமாக ஆற்றில் ஒலித்த ஆயிரம் குரல்களும் ஒன்றுகூடி ஓங்காரமாகின்றன. அவன் அமைதி எய்துகிறான்.

"பிள்ளைகள் வளர்ந்தபின் கோயிலுக்கு வருவதில்லையே" என்று பெற்றோர் பலர் என்னிடம் வருந்துவதுண்டு. அம்மகன் திரும்பி வந்தான் என்று நாவல் நமக்கு ஆறுதல் கூறவில்லை. நானும் பொய்யாறுதல் கூற விரும்பவில்லை. வித்தை ஊன்றுவது நம் கடமை. அது முளைக்கும் காலம் நம் கையில் இல்லை. இளம் வயதில் அன்போடு ஓதுவியுங்கள், வளர்ந்தபின் வற்புறுத்தாதீர்கள், கதவை மட்டும் திறந்தே வையுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். சித்தார்த்தன் தந்தையைப் புரிந்துகொண்டபோது, அதைச் சொல்ல அவர் அருகில் இல்லை. உங்கள் பெற்றோர் இன்று இம்மண்டபத்தில் அருகிலேயே அமர்ந்திருக்கின்றனர். அவர்களிடம் சொல்ல வேண்டியதை இன்றே சொல்லிவிடுங்கள்.

அனைவருக்கும் திருவருள் துணை நிற்பதாகுக.