அனிச்சையா, பொச்சாப்பா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஏதேனும் பிழை நேர்ந்தால், "அறியாமல் நேர்ந்தது" என்று நாம் எளிதிற் கூறிவிடுகின்றோம். அறியாமற் செய்வதைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பல. அவை ஒன்றுபோலத் தோன்றினும் பொருளால் வேறானவை.

முதலாவது, அனிச்சை. இச்சை என்பது விருப்பம். அதன் எதிர்மறை அனிச்சை. வடமொழிவழி வந்த இச்சொல், 'அனிச்சைச் செயல்' என அறிவியற் பாடநூல்களில் நிலைபெற்றது. கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்ட கை சட்டென விலகுகின்றது. சூட்டை மூளை உணருமுன்னரே தண்டுவடம் ஆணையிட்டுவிடுகின்றது. அங்கே விருப்பத்திற்கு இடமில்லை. ஆகவே பழிக்கும் இடமில்லை. மோந்தால் வாடும் அனிச்ச மலரோடு இதனை மயங்குதல் கூடாது. அனிச்சம் வேறு, அனிச்சை வேறு.

இரண்டாவது, தன்னையறியாமல். நல்லிசை கேட்டுத் தலை அசைகின்றது. ஊரின் பெயரைக் கேட்டதும் கண் கலங்குகின்றது. இங்கே அறிவு ஒதுங்கி நிற்க, உள்ளம் முந்திக்கொள்கின்றது.

மூன்றாவது, பொச்சாப்பு. இன்று பேச்சில் வழங்காத பழஞ்சொல். கடமையை மறந்து சோர்ந்திருத்தல் என்பது இதன் பொருள். திருக்குறளின் 54 ஆம் அதிகாரம் 'பொச்சாவாமை' என்பதாம். மிகுந்த சினத்தினும் இது தீது என்பது வள்ளுவர் கருத்து. ஏனெனில், இம்மறதி துன்பத்தில் வருவதன்று. மகிழ்ச்சியின் மிகுதியில் வருவது.

இதனை எம் வீட்டிலேயே கண்டோம். ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில், "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டார். எம் வீட்டுச் சிறுவன் "ஹாங்" என்றான். அடுத்த கேள்விக்கும் அதுவே விடை. பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அம்மாகிட்டக் கொடுப்பா" என்றார்.

சிறுவன்மீது குற்றமில்லை. பள்ளியிலும் தெருவிலும் பழகிய சொல் அவன் வாயில் அனிச்சையாய் வந்தது. இந்தியும் பிழை செய்யவில்லை. நமக்குச் சோறிடும் ஊரின் மொழி அது. நல்ல வேலையும் வசதியான வீடும் வாய்த்த மகிழ்ச்சியில், அவனோடு தமிழிற் பேச மறந்தவர் நாமே. அவனுடையது அனிச்சை; நம்முடையது பொச்சாப்பு.

அனிச்சைக்கு மருந்தில்லை, பொச்சாப்புக்கு உண்டு. இரவு உணவின்போதேனும் வீட்டில் அனைவரும் தமிழிற் பேசுவோம். நாளடைவில் அதுவும் பழக்கமாகும். அன்று நம் குழந்தைகள் தம்மையறியாமலே பாட்டிக்குத் தமிழில் விடை கூறுவர்.

வாழ்க தமிழ்!