சிரிக்க வைத்தவர் நட்டு வைத்தது

(தலைப்பு: ஒரு கலைஞனை மக்கள் மனதில் நிலைக்க வைப்பது திரையில் செய்த சாதனையா, திரைக்கு வெளியே செய்த தொண்டா? ‘திரைக்கு வெளியே செய்த தொண்டே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரே மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிற, நான் பேசி முடிக்கிற வரைக்கும் மட்டுமே மலர்ந்திருக்கப் போகிற எதிரணி நண்பர்களே (சிரிப்பு), அரங்கம் நிறைந்த பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டில் டி.வி. முன்னால் இட்லித் தட்டும் கையுமாக இருக்கிற அன்பு உள்ளங்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா ரொம்ப அழகாச் சொன்னாங்க. நடிகனுக்குத் திரைதான் சோறு, வெளியே அவன் செய்வதெல்லாம் ஊறுகாய்னு சொன்னாங்க. சரி தாயே, நான் பத்துப் பேரைச் சொல்லப் போறதில்லை. ஒரே ஒரு மனிதரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்துறேன். அவர் பேரு விவேக். (கைதட்டல்)

1961-ல் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். சென்னைத் தலைமைச் செயலகத்தில் வேலை. அரசாங்க உத்தியோகம்னா சும்மாவா ஐயா? பொண்ணு கொடுக்க வாசல்ல வரிசையா நிப்பாங்க! அந்த மனுஷன் சாயங்காலமானா ஹ்யூமர் கிளப்பில் போய் நின்று ஊரைச் சிரிக்க வைத்தார். அங்கே கிடைத்த அறிமுகம் அவரை இயக்குநர் கே. பாலசந்தரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1987-ல் ‘மனதில் உறுதி வேண்டும்’ முதல் படம்.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஜாதியைக் கேலி பண்ணினார், மூடநம்பிக்கையைக் கேலி பண்ணினார். கலைவாணர் என்.எஸ்.கே. போன பாதையில் போகிறார் என்று ஜனங்கள் ‘சின்னக் கலைவாணர்’ என்று கூப்பிட்டார்கள். 2009-ல் பத்மஸ்ரீ விருது.

“என்னப்பா, எதிரணிக்குப் பேசறியா?” என்கிற மாதிரி நடுவர் என்னைப் பார்க்கிறார். பொறுங்க ஐயா! திரை அவருக்குக் கொடுத்ததை நான் மறைக்கலை. அது வங்கியில் போட்ட பணம் மாதிரி. நான் கேட்கிறது, போட்ட பணத்தை அந்த மனுஷன் எதுக்குச் செலவு பண்ணினார் என்றுதான்.

முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவரிடம் ஒரு வேலை கொடுத்தார். புவி வெப்பமாவதைப் பற்றி ஜனங்களிடம் பேசணும். தமிழ்நாட்டில் ஒரு கோடி மரக்கன்று நடணும். இதுதான் ‘கிரீன் கலாம்’ திட்டம்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கலாம் ஒரு விஞ்ஞானி. அவருக்குத் தெரியாத பேராசிரியர்களா? ஏன் ஒரு காமெடி நடிகரைக் கூப்பிட்டார்? இப்போ நான் ஒரு கணக்குச் சொல்றேன் கேளுங்க. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்னாடி, காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்றைக்கு அது 420-ஐத் தாண்டிவிட்டது. பூமி மேலே போர்த்தின கம்பளி வருஷா வருஷம் தடிச்சுக்கிட்டே போகுது. பார்த்தீங்களா, நடு வரிசையில் ஒருத்தர் கொட்டாவி விட்டுட்டார்! (சிரிப்பு) நான் சொன்னா கொட்டாவி. விவேக் வந்து சொன்னா, அதே கல்லூரி மைதானம் நிரம்பி வழியும். கலாமுக்கு இது தெரிஞ்சிருந்தது.

‘ரன்’ படத்தில் அவர் காக்கா பிரியாணி சாப்பிட்டதை யாராவது மறந்திருப்பீங்களா? வேப்பம்பழத்தைத் தின்னுட்டு, ஊரெல்லாம் விதையைப் போட்டு மரம் வளர்க்கிறது யாரு? காக்கா! படத்தில் காக்காவைச் சாப்பிட்டவர், வெளியே காக்கா வேலையைப் பார்த்தார் ஐயா! (பலத்த கைதட்டல்)

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போனார், கல்லூரி கல்லூரியாப் போனார். பிள்ளைகள் கையில் கன்றைக் கொடுத்தார். சுமார் பத்து வருஷத்தில் 33 லட்சத்துக்கும் மேல். வகுத்துப் பாருங்க, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 900 கன்று! நம்ம வீட்டில் ஒரு துளசிச் செடிக்குத் தண்ணி ஊத்தவே, “நேத்து நான் ஊத்தினேன், இன்னிக்கு நீ ஊத்து”ன்னு பஞ்சாயத்து நடக்குது. (சிரிப்பு)

இப்போ சிரிக்க முடியாத ஒரு விஷயம் சொல்றேன். 2015-ஆம் வருஷம். ஜூலை 27-ல் கலாம் மறைந்தார். அந்த வேலையைக் கொடுத்தவரே போயிட்டார். அடுத்த மூணு மாசத்தில், அக்டோபரில், விவேக் தன் பதின்மூன்று வயது மகனைப் பறிகொடுத்தார். பெற்றவங்க இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கீங்க. அதுக்கு மேலே நான் விளக்க வேண்டியதில்லை. அதோட அவர் எல்லாத்தையும் விட்டுட்டு ஒதுங்கியிருந்தா, இந்த ஊரில் ஒருத்தராவது குற்றம் சொல்லியிருப்போமா? ஆனா அந்த மனுஷன் மறுபடியும் மண்ணில் குனிந்து கன்று நட்டார். தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாமல் போன நிழலை ஊரார் பிள்ளைகளுக்குக் கொடுத்தார் ஐயா! எந்த இயக்குநர் எழுதிக் கொடுத்த காட்சி இது? எந்தக் கேமரா முன்னால் நடித்தது? (நீண்ட கைதட்டல்)

எதிரணித் தம்பி ஒரு கேள்வி போட்டார். “மரம் நட்டா உலகம் குளிர்ந்திடுமா?”ன்னார். தம்பி, மரம் மட்டும் போதாது. நிலக்கரிப் புகையும் பெட்ரோல் புகையும் குறைஞ்சே ஆகணும், அதில் சந்தேகமில்லை. ஆனா 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 2019 கோடையில் அதே சென்னை ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோம். இதையெல்லாம் பார்த்த ஒரு பிள்ளை, தன் கையால் ஒரு புங்கங்கன்றை நட்டு வளர்த்தா, நாளைக்குப் புகையைப் பற்றியும் அது கேள்வி கேட்கும். கன்று நடுறது முடிவு இல்லை தம்பி, ஆரம்பம்.

“நட்டதெல்லாம் மரமாச்சா?”ன்னும் கேட்பீங்க. நியாயமான கேள்விதான். நடுறது ஒரு நாள் வேலை. ஆடு மாடு கடிக்காம வேலி கட்டி, வேர் பிடிக்கிற வரைக்கும் தண்ணி ஊத்துறது வருஷக்கணக்கு வேலை. அந்த வேலை விவேக்குக்கு இல்லை, கன்றை வாங்கிட்டு வந்த நமக்குத்தான். புகைப்படம் எடுக்கிற வரைக்கும் கன்றைப் பிடிச்சுட்டு, அப்புறம் மாடிப்படிக்குக் கீழே வாட விட்டா, அந்தக் கணக்கை யார்கிட்ட கேட்கிறது?

நடுவர் மணியில் கை வைக்கிறார். முடிச்சுடறேன் ஐயா.

2021 ஏப்ரல் 17. ஐம்பத்தொன்பது வயசில் விவேக் போயிட்டார். அஞ்சலி செலுத்த வந்தவங்க மரக்கன்றோட வந்தாங்க. யாராவது சினிமா போஸ்டரைத் தூக்கிட்டு வந்தாங்களா? ஒரு கலைஞன் எதனால் மனசில் நிற்கிறான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? 2022-ல் அவர் குடியிருந்த தெருவுக்கு ‘சின்னக் கலைவாணர் விவேக் சாலை’ என்று அரசு பேர் வைத்தது. பேர் வைக்கிறதை அரசாங்கம் செய்யும். நிழல் வைக்கிறதை நாமதான் செய்யணும்.

ஒரு கோடியில் அவர் முடித்தது 33 லட்சம் சொச்சம். பாக்கி 66 லட்சத்துக்கு மேல் நிற்குது. அவர் நடித்த படங்களில் இனி ஒரு காட்சி கூடச் சேர்க்க முடியாது. அந்தக் கணக்கு மூடியாச்சு. ஆனா இந்த மரக் கணக்கு இன்னும் திறந்தே இருக்கு. நீங்க ஒண்ணு நட்டாலும் அது அவர் பேரில் வரவாகும். செத்த பிறகும் ஒரு மனுஷன் கணக்கு வளருதுன்னா, அது அவர் திரைக்கு வெளியே செய்த தொண்டினால்தான் என்று தீர்ப்பளியுங்கள் நடுவர் அவர்களே!

(கைதட்டல்)