நாயை இழந்தவரின் துயரம்



ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைக்குச் செல்லும் வழியில் எங்கள் சிற்றூர் இருக்கிறது. நான் ஆசிரியனாக வந்த நாளில் ஏரியும் வயலுமாக விளங்கிய இப்பகுதி, இன்று திருப்பெரும்புதூர் வரையில் கார்களும் அவற்றின் உறுப்புகளும் செய்யும் தொழிற்சாலைகளால் நிரம்பியிருக்கிறது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இரவென்றும் பகலென்றும் பாராமல் கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. அச்சாலையில்தான் என் பழைய மாணவன் ஒருவன் தன் நாயைப் பறிகொடுத்தான்.

அவன் இப்போது தொழிற்சாலையொன்றில் ஷிப்டு வேலை பார்க்கும் இளைஞன். நள்ளிரவு கடந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வீட்டார் அனைவரும் உறங்கிக்கொண்டிருப்பர். மணி என்னும் அந்த நாட்டு நாய் மட்டும் சாலையோரம் காத்திருக்கும். பத்தாம் வகுப்புப் படிக்கையில் அவன் தன் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்த குட்டி அது. அதனைக் கொல்லையில் வேப்பமரத்தடியில் ஆழக் குழி தோண்டிப் புதைத்தான். மறுநாள் வேலைக்குப் போக மனம் வரவில்லை. ஆனால் விடுப்புக் கடிதத்தில் காரணம் எழுத வேண்டுமே! ‘காய்ச்சல்’ என்று எழுதினான்.

மூன்றாம் நாள் அவனைக் கண்டேன். “நாய் செத்ததற்கு லீவு கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள், சார்” என்றான். அதற்கு நான் சொன்ன மறுமொழியை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. “வருந்தாதே அப்பா, வேறொரு குட்டி வாங்கித் தருகிறேன்” என்றேன். அன்போடு சொன்னதுதான். எனினும், உடைந்த சட்டிக்குப் பதில் புதுச் சட்டி என்பது போலன்றோ ஆயிற்று! அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டான்.

மனிதர் ஒருவர் மறைந்தால் நம் நாட்டில் துயரத்திற்கு ஒரு வழி வகுத்து வைத்திருக்கிறார்கள். உறவினர் வந்து துக்கம் விசாரிப்பர். அடுத்த வீட்டிலிருந்து சோறு வரும். பதினாறாம் நாள் வரையில் சடங்குகள் உண்டு. அழுவதற்கு இடமும் காலமும் இருக்கின்றன. நாயை இழந்தவருக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. இறப்பு நேர்ந்த வீட்டில் துயரப்படுபவர் ஒருவராயிருக்க, மற்றவர் “ஒரு நாய்தானே!” என்று சொல்லிவிட்டுத் தத்தம் வேலையைப் பார்க்கின்றனர். அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் இத்தகைய துயரங்களைத் தனியே எடுத்து ஆராய்ந்தார். சமூகம் ஒப்புக்கொள்ளாத துயரம், வெளியே சொல்ல உரிமையற்ற துயரம் என்பது அவர் கண்ட கருத்து. இழப்பின் வலியோடு, அதனை மறைக்கும் வலியும் சேர்ந்துகொள்கிறது.

பண்டைக் காலத்தவர் இவ்வாறு மறைக்கவில்லை. திருப்பெரும்புதூருக்கு மேற்கே தக்கோலம் என்னும் ஊர் இருக்கிறது. கி.பி. 949இல் சோழ இளவரசன் இராசாதித்தன் போர்புரிந்து மாண்ட களம் அது. அப்போரில் எதிர்ப்படையில் நின்று வீரம் காட்டியவன் மணலேரன் என்பான். “வேண்டுவது கேள்” என்று சொல்லப்பட்டபோது அவன் பொன்னைக் கேட்கவில்லை. காளி என்னும் வேட்டை நாயைத் தரும்படி கேட்டுப் பெற்றான். பின்னர் அந்நாய் பெரியதொரு காட்டுப்பன்றியோடு பொருதது, இரண்டும் மடிந்தன. கருநாடகத்து ஆதகூரில், கோயிலுக்கு எதிரே காளிக்குக் கல் நட்டனர், நிலமும் விட்டனர், அக்கல்லை வழிபடாமல் பூசகர் உணவு கொள்ளலாகாது என்றும் விதித்தனர். நம் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரிலும் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. இறந்துபட்ட வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் அது தாங்கி நிற்கிறது. தக்கோலம் என்றதும் இராசாதித்தனை நினைக்கும் நாம் காளியை மறந்துவிட்டோம். பரீட்சையில் கேட்பதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்!

ஒரு வாரம் கழித்து நான் மீண்டும் அவன் வீட்டுக்குப் போனேன். இம்முறை அறிவுரை ஏதும் கூறவில்லை. “மணி எப்படி உன்னிடம் வந்தது?” என்று மட்டும் கேட்டேன். ஒரு மணி நேரத்திற்கு மேல் பேசினான். இறுதியில்தான் உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது வெளிவந்தது. அன்று மாலை கேட்டைத் தாழிடாமல் போனவன் அவனே. “நான்தான் கொன்றேன், சார்” என்றான்.

நாயை இழந்தோர் பலரிடமும் இக்குற்ற உணர்ச்சி இருக்கிறது. தடுப்பூசி போடத் தவறியவர், நோயை உரிய காலத்தில் கவனியாதவர், மீளா நோயில் துடித்த நாய்க்கு மருத்துவர் சொற்படி வலியற்ற முடிவளிக்க இசைந்தவர் ஆகிய எல்லோரும் தம்மையே நொந்துகொள்கின்றனர். “உன் குற்றம் எதுவுமில்லை” என்று அவசரமாகச் சொல்லிவிடுவது உதவாது, அவர்கள் நம்புவதில்லை. கேட்டைத் தாழிட மறந்தது உண்மை. அது மறதி என்பதும், ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் தாழிட்ட கையும் அதே கை என்பதும் உண்மை. அதை மட்டும் அவனிடம் சொன்னேன்.

உங்கள் வகுப்புத் தோழனுக்கோ தோழிக்கோ இவ்விழப்பு நேர்ந்தால், நாயின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். தட்டையும் சங்கிலியையும் அவர்களைக் கேளாமல் அப்புறப்படுத்தாதீர்கள். வீட்டிலுள்ள சிறு குழந்தையிடம் “ஓடிப்போய்விட்டது” என்று பொய் சொல்ல வேண்டாம். அது தினமும் வாசலில் நின்று தேடும். வாரங்கள் சென்றும் உணவும் உறக்கமும் கொள்ளாமலிருப்பாராயின், அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணாகிய 14416ஐ அழைக்கலாம். 2022இல் தொடங்கப்பட்ட அச்சேவையில் தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை.

அவன் இப்போது வேலைக்குப் போய் வருகிறான். எனக்கோ முதுமையில் உறக்கம் குறைவு. கம்பெனி பஸ் வரும் நேரத்தில் திண்ணை விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவன் இறங்கி, மணி வழக்கமாக நிற்கும் இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, என் பக்கம் கையசைத்துச் செல்கிறான். குட்டியைப் பற்றி நான் மறுபடி பேசவில்லை.