நீலப் பேணியும் ஒரு துண்டுக் கடனும்

(நூற்றாண்டையொட்டிச் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



வடையும் சுசியமும் இருக்கவேண்டிய மேசையில் ஏன் இத்தனை சீஸ் என்று வாசலிலேயே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அதற்குக் காரணம் எங்கள் வகுப்பு. 1995 டிசெம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்து, ஒக்ரோபர் இடப்பெயர்வோடு திக்குத்திக்காகப் போனவர்கள் நாங்கள். அவரவர் போய்ச் சேர்ந்த நாட்டின் சீஸில் ஒன்றைக் கொண்டுவருவது என்று இம்முறை பேசிக்கொண்டோம். ஆனால் கதை தொடங்குவது 1994இல், எங்கள் விடுதியில்.

எங்களில் ஒருத்தியின் மாமா கொழும்பிலிருந்து கிளாலிக் கடல் கடந்து வந்தபோது ஒரு நீலப் பேணி சீஸ் கொண்டுவந்தார். குடாநாட்டில் 1990இலிருந்து மின்சாரம் இல்லை. பிரிட்ஜ் எல்லாம் உடுப்பு வைக்கிற அலுமாரியாகிவிட்ட காலம். பேணியை உடைத்தால் அன்றிரவே முடிக்கவேண்டும். ஜாம்போத்தல் விளக்கைச் சுற்றிப் பதினான்கு பேர் குந்தியிருந்து, கத்தியில் ஒட்டும் என்பதால் தையல் நூலால் அறுத்தோம். பதினான்கு துண்டு. மேற்றன் வருகிறாவா என்று பார்க்க வாசலில் ஒருத்தி. பாணில்லை, ஒன்றுமில்லை, சும்மாதான் தின்றோம். இப்போதும் எங்களைக் கேட்டால் அதைவிட ருசியான சீஸ் இல்லை என்போம். பசியும் உப்பும் சேர்ந்தால் அப்படித்தான்.

அந்தச் சீஸ் கெடாமல் கடல் கடந்ததன் இரகசியம் இந்த ஊருக்கு அண்மையில் பிறந்தது. 1911இல் தூன் நகரில் வால்டர் கெர்பர், பிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர், சீஸைச் சிற்றிக் அமில உப்போடு சூடாக்கினால் நெய் பிரியாமல் ஒரே பாகாக உருகும் என்று கண்டுபிடித்தார்கள். 1916இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் தன் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முதலாம் உலகப்போரில் படையினருக்குப் போனது பேணி சீஸ். யுத்தத்துக்கென்று போன சாமான் எங்கள் யுத்தத்துக்கும் வந்தது.

இனி மேசைக்கு வருவோம். நடுவில் இருப்பது ரக்லெற், வலே மாநிலத்துச் சாப்பாடு. அரைச் சில்லை நெருப்புக்குக் காட்டி, உருகிய மேற்பரப்பை அவித்த உருளைக்கிழங்கின்மேல் வழித்துவிடுவார்கள். பக்கத்தில் சுவிஸ்காரர் வினாகிரி போட்ட சின்ன வெள்ளரிப்பிஞ்சு வைப்பார்கள். நாங்கள் தேசிக்காய் ஊறுகாய் வைத்திருக்கிறோம். இது சுவிஸ்காரரின் முறையைவிட நல்லது என்பது எங்கள் தாழ்மையான அபிப்பிராயம். கொழுப்பை வெட்ட ஊறுகாயின் கைப்புக்கு நிகரில்லை.

பொண்டூவுக்குக் கிறுயேரும் வாஷ்றன் பிரிபூர்ஷுவாவும் பாதிக்குப் பாதி. சட்டியடியில் பிடிக்கும் மொறுமொறு அடையை விட்டுவிடாதீர்கள். அடிப்பிடித்த சோற்றுக்குச் சண்டை பிடித்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வைன் குடித்தால் பொண்டூ விரைவாகச் சமிக்கும் என்று இங்கே சொல்வார்கள். 2010இல் சூரிச் வைத்தியர்கள் இருபது பேருக்குப் பொண்டூ கொடுத்து, சிலருக்கு வைனும் சிலருக்கு வெறுந்தேநீரும் கொடுத்துப் பார்த்தார்கள். வைன் குடித்தவர்களின் வயிறுதான் ஆறுதலாக வெறுமையானது. ஆகவே பிளேன்ரீ போதும்.

நோர்வேக்காரி கொண்டுவந்த மண்ணிறக் கட்டியைப் பார்த்துச் சவர்க்காரம் என்று நினைக்கவேண்டாம். சீஸ் செய்து மிஞ்சும் மோர்த்தண்ணீரைப் பாலும் ஆடையும் சேர்த்து மணிக்கணக்காக வற்றக் காய்ச்சுவது. பாற்சீனி கருகி நிறம் கொடுக்கிறது. பால்கோவாவுக்கு உப்புப் போட்ட மாதிரி. சீவுளியால் மெல்லிசாகச் சீவி, சூட்டு வாபிளில் பழப்பாகோடு சாப்பிடவேண்டும். தடிப்பாக வெட்டினால் திகட்டும்.

பிரான்சுக்காரியின் கமம்பேர் மணக்கும், பயப்படாதீர்கள். ஒரு மணித்தியாலம் முன்பே வெளியே எடுத்து வைத்திருக்கிறோம். குளிரோடு சாப்பிட்டால் பாதி ருசி போய்விடும். கர்ப்பிணிகள் இருந்தால் இந்தத் தட்டைத் தொடவேண்டாம், லிஸ்டீரியா என்ற பக்டீரியாவின் பயம். இரத்த அழுத்தக்காரர் ஹலூமியில் இரண்டு துண்டோடு நிறுத்துங்கள், உப்பு அதிகம். பால் குடித்தால் வயிறு ஊதுகிறவர்கள் முற்றிய செடாரைத் துணிந்து சாப்பிடலாம், அதில் பாற்சீனி அநேகமாக இல்லை. முப்பது கிராமில் ஏறக்குறைய இருநூறு மில்லிகிராம் கல்சியம் கிடைக்கும். எங்கள் வயதில் எலும்புக்கு அது வேண்டும். செடாருக்குச் சீனிச்சம்பல் வைத்துப் பாணை வாட்டுங்கள். சம்பலில் மாசி இருக்கிறது, சைவக்காரர் கவனம்.

சைவம் என்றவுடன் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது.

அன்று பதினான்கு துண்டு அறுத்தோம் என்றோமே, சாப்பிட்டது பதின்மூன்று பேர். ஒருத்தி தொடவில்லை. "இதுக்குள்ள மாட்டின்ர ஏதோ போடுறவையாம், அம்மம்மா சொன்னவ" என்றாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பால்தானேடி, பால் குடிக்கிற நீ இதைத் தின்னமாட்டியோ என்று கேட்டோம். அதன்பிறகு அந்தத் தவணை முழுக்க அவளுக்குப் பட்டப்பெயர் "மாட்டுச் சீஸ்". அவள் அழுததும் எங்களுக்குத் தெரியும்.

உயர்தர உயிரியல் புத்தகத்தில் றெனின் என்ற நொதியம் வந்தது. பாற்குடி மறவாத கன்றின் இரைப்பையில் சுரந்து பாலை உறையவைப்பது. மருத்துவபீடத்தில் திரும்பவும் வந்தது. சீஸ் உறையவைக்க நூற்றாண்டுகளாகப் பயன்பட்டது, வெட்டிய கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுத்த அந்தச் சாறுதான். இன்றும் பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்கு விதிப்படி அதுவே வேண்டும். இப்போது நுண்ணங்கிகளிலிருந்து எடுத்ததும் இருக்கிறது, பெட்டியில் பார்த்து வாங்கலாம். அந்தக் காலத்துப் பேணியில் எது இருந்ததென்று எங்களுக்குத் தெரியாது, கன்றின் சாறாகவும் இருந்திருக்கலாம். அம்மம்மா சரி. படித்த நாங்கள்தான் பிழை. இது தெரிந்தபோது அவள் வன்னியில். கடிதம் எழுதவும் விலாசம் இல்லை. விலாசம் கிடைத்தபின்னும் எழுதவில்லை. அதற்குச் சாட்டில்லை.

இன்று அவள் மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். பெயர் சொல்லமாட்டோம், ஏற்கெனவே ஒரு பெயர் வைத்துவிட்டோம். உன்ர துண்டை அன்று என்ன செய்தோம் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. பாயை விரித்துவிட்டு நீ திரும்பிப் படுத்தபிறகு மூன்று பேர் பங்கிட்டுத் தின்றோம். அந்த மூவரும் இந்த மண்டபத்தில்தான் நிற்கிறோம். எங்களை மன்னித்துக்கொள்.

மேசையின் வலதுபக்கக் கரையில் வெள்ளைத் துணி மூடிய தட்டு உனக்கு. நேற்றிரவு நாங்களே செய்தது. இரண்டு லீற்றர் பாலைக் கொதிக்கவைத்து, அடுப்பை நிறுத்தி, இரண்டு தேசிக்காய்ப் புளிவிட்டுத் திரைத்து, துணியில் வடித்து, அம்மிக்குழவி இல்லாதபடியால் தடித்த அகராதி ஒன்றைப் பாரம் வைத்தோம். கன்றுமில்லை, பேணியுமில்லை. மிளகும் கறிவேப்பிலையும் போட்டுப் பொரித்திருக்கிறது. நீ எடுத்தபிறகுதான் மற்றவர்கள்.

மற்றவர்கள் வரிசையில் வாருங்கள். ரக்லெற் ஆறினால் றப்பர்.