கருப்பைக் கட்டியும் தாய்மைப் பேறும்

"கருப்பையிற் கட்டி" என்னும் இரண்டு சொற்கள் ஓர் இல்லத்தின் அமைதியைக் குலைக்கப் போதியவை. மணமாகிச் சில ஆண்டுகள் சென்றும் மகப்பேறு வாய்க்காத பெண்ணொருத்திக்கு ஸ்கான் பரிசோதனையின் பின்னர் இச்சொற்கள் கூறப்படுமாயின், அவள் செவியில் விழுவது நோயின் பெயரன்று, தீர்ப்பு. இனிப் பிள்ளை இல்லையென்று அவள் கலங்குகின்றாள். புற்றுநோயோவென்று தாய் நடுங்குகின்றாள். குறை யாரிடமென்பது தெரிந்துவிட்டதென்று உறவினர் பேசத் தலைப்படுகின்றனர். இம்மூன்று முடிவுகளும் பெரும்பாலும் பிழையானவை.

ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இவ்வச்சத்துக்குத் தக்க காரணம் இருந்தது. இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையிற் பணியாற்றிய விக்டர் பொனி என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் 1905ஆம் ஆண்டில் மணஞ் செய்தார். சிறிது காலத்துள் அவருடைய மனைவிக்கு நார்த்திசுக் கட்டி காரணமாகப் பெரும் இரத்தப்போக்கு உண்டாயிற்று. அக்கால வழக்கப்படி கருப்பை முழுவதும் அகற்றப்பட்டது. உயிர் பிழைத்தது, பிள்ளைச் செல்வம் இல்லாது போயிற்று. இத்துயரமே பொனியின் வாழ்நாட் பணிக்கு வித்திட்டதென மருத்துவ வரலாற்றாசிரியர் கருதுவர்.

கட்டியை மட்டும் நீக்கிக் கருப்பையைக் காக்கும் முறை அவருக்கு முன்னரே தோன்றியதுதான். ஆயினும் குருதிப் பெருக்குக்கு அஞ்சிப் பலர் அதனைத் தவிர்த்தனர். பொனி, சத்திரசிகிச்சையின்போது குருதியோட்டத்தைத் தடுத்து நிறுத்தும் கவ்வியொன்றை அமைத்தார். ஒரே பெண்ணின் கருப்பையிலிருந்து 225 கட்டிகளை நீக்கி, அக்கருப்பையைக் காத்தும் காட்டினார். தம் முறையின் நுணுக்கங்களை 1946ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார். கட்டியைக் கண்டதும் கருப்பையை எடுத்தல் ஒன்றே வழியன்று என்பதை மருத்துவ உலகம் ஏற்பதற்கு அவர் ஆற்றிய பணி பெரிது.

இக்கட்டி என்பது யாது? கருப்பையின் சுவர் தசையினால் ஆயது. அத்தசையும் நாரும் ஓரிடத்தில் மிகுந்து வளர்ந்து உருண்டு திரள்வதே நார்த்திசுக் கட்டி. பெண்மைச் சுரப்புகள் அதனை வளர்க்கின்றன. மாதவிடாய் முற்றாக நின்றபின் அது பெரும்பாலும் சுருங்குகின்றது. ஐம்பது வயதை அடைவதற்குள் பெண்களிற் பெரும்பகுதியினருக்கு இது சிறிதாகவோ பெரிதாகவோ தோன்றிவிடுகின்றது. அவர்களுட் பலர் அதனை அறியாமலே பிள்ளைகளைப் பெற்று வளர்த்துவிடுகின்றனர். இது புற்றுநோயாதல் மிக மிக அரிது.

அங்ஙனமாயின், சிலருக்கு மட்டும் இது தாய்மைக்குத் தடையாவது எதனால்? இங்கேதான் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உளது. கட்டியின் பருமனைக் காட்டிலும் அது இருக்கும் இடமே முதன்மையானது.

கருப்பையை ஒரு வீட்டுக்கு ஒப்பிடலாம். உள்ளே ஓர் அறை. அதனைச் சூழத் தடித்த சுவர். சுவருக்கு அப்பால் முற்றம். முற்றத்திற் கிடக்கும் கல் அறைக்குள் வரும் விருந்தினரைத் தடுப்பதில்லை. அதுபோலக் கருப்பையின் வெளிப்புறத்தில் வளரும் கட்டி, கருத்தரித்தலுக்கு இடையூறு செய்வதில்லையென்றே கொள்ளலாம். அறைக்குள் துருத்தி நிற்கும் கட்டியோ, கரு வந்து பதியுமிடத்தையே கெடுக்கின்றது; கருச்சிதைவுக்கும் ஏதுவாகலாம். சுவருக்குள் அடங்கிய கட்டி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அது அறையின் வடிவைச் சிதைக்கின்றதா, கருக்குழாயின் வாயை அடைக்கின்றதா என்பவற்றை நோக்கியே வைத்தியர் முடிவு கூறுவர். தோடம்பழத்தின் பருமனுள்ள வெளிக்கட்டி ஒருத்திக்குத் தீங்கின்றி இருக்க, சுண்டைக்காயளவான உட்கட்டி இன்னொருத்திக்குக் கரு நிலைபெறாது தடுத்தல் கூடும். சர்வதேச மகப்பேற்று, பெண்ணோயியல் சம்மேளனமும் 2011ஆம் ஆண்டில் இக்கட்டிகளை இருப்பிடங் கொண்டே 0 முதல் 8 வரை வகுத்தது.

மகப்பேறின்மைக்கு இக்கட்டி ஒன்றே காரணமாக இருப்பது நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடத்திலேயே என்பர். ஆகவே கட்டி கண்டவுடன் ஏனைய பரிசோதனைகளை நிறுத்திவிடலாகாது. சூல் முறையாக முதிர்கின்றதா, கருக்குழாய்கள் திறந்துள்ளனவா என்பவற்றோடு, கணவனையும் பரிசோதித்தல் வேண்டும். மனைவியை மட்டும் வைத்தியசாலை தோறும் அலையவைத்து, கணவன் வாயிலில் நின்றுகொள்வது அறிவுமன்று, அறமுமன்று.

இனி, பிள்ளை வேண்டுவோர் திட்டமிடும் முறையைக் காண்போம். 35 வயதுக்குட்பட்டோர் ஓராண்டு முயன்றும், அவ்வயதைக் கடந்தோர் ஆறு மாதம் முயன்றும் கருத்தரியாவிடின் பெண்ணோயியல் வைத்திய நிபுணரை நாடுதல் தகும். மாதவிடாய்ப் பெருக்கு மிக்கிருப்பின் அதுவரை காத்திருத்தல் வேண்டியதில்லை. அப்பெருக்கினால் உண்டாகும் இரத்தச்சோகையைக் கருத்தரிக்குமுன்னரே தீர்த்துக்கொள்ளல் நன்று. கட்டியைச் சுருக்கும் ஊசி மருந்துகள் சில, கொடுக்குங் காலத்திற் சூல் முதிர்வையும் நிறுத்துவன. ஆதலால் "பிள்ளை வேண்டும்" என்பதை வைத்தியரிடம் முதலிலேயே கூறிவிடல் வேண்டும். அச்சொல்லைக் கேட்டபின் சிகிச்சையின் வழியே மாறுதலும் உண்டு.

உட்கட்டிகள் பலவற்றை வயிற்றைக் கீறாமலே, கருப்பை வாயிலினூடாகக் கருவி செலுத்தி நீக்கலாம். சுவரை ஆழமாகக் கீறிக் கட்டியை எடுத்தபின்னரோ, தழும்பு ஆறுவதற்கு அவகாசம் வேண்டும். பொதுவாக 3 முதல் 6 மாதம் வரை காத்திருக்குமாறு கூறுவர்; சிலருக்கு இன்னுஞ் சில மாதங்கள் வேண்டும். அத்தகையோருக்குப் பிரசவ வேதனை தொடங்குமுன்னரே சத்திரசிகிச்சை மூலம் மகவை எடுக்க வேண்டியும் நேரலாம். ஆகவே எவ்விதமான சத்திரசிகிச்சை நடந்ததென்னும் குறிப்பைப் பேணிவைத்து, பிரசவம் பார்க்கும் வைத்தியரிடம் காட்டுதல் இன்றியமையாதது.

கட்டியோடு கருத்தரித்தோரும் அஞ்ச வேண்டியதில்லை. அவர்களுட் பெரும்பாலோர் நலமே பெற்றெடுக்கின்றனர். கட்டி கருப்பகாலத்திற் பெருத்தே தீருமென்பதும் தவறு; பலருக்கு அது பெரிதும் மாறுவதில்லை. சிலருக்குக் கட்டிக்குப் போதிய குருதி கிட்டாமற் கடும் நோவு உண்டாகும். ஓய்வும் வைத்தியர் தரும் மருந்துமே பெரும்பாலும் அதனைத் தணித்துவிடும். பெரிய கட்டியிருப்பின் குழந்தை குறுக்காகவோ தலை மேலாகவோ கிடத்தலும், பிரசவத்தின் பின் இரத்தப்பெருக்கு மிகுதலும் கூடும். ஆதலால் அத்தகைய தாய், இரத்தம் ஏற்றும் வசதியுள்ள வைத்தியசாலையிலேயே பிரசவிக்க முன்கூட்டியே ஒழுங்கு செய்தல் வேண்டும்.

நேயர்களே, பொனியின் மனைவிக்குத் தெரிந்தெடுக்க வழிகள் பல இருக்கவில்லை. இன்றைய பெண்ணுக்கு உள்ளன. ஆனால் அவ்வழிகளை அடைய அவள் மூன்று கேள்விகளைக் கேட்டறிய வேண்டும்: கட்டி எங்கே இருக்கின்றது? அது கருவின் அறையைத் தொடுகின்றதா? அதனை எடுப்பதால் நன்மை மிகுதியா, விட்டுவைப்பதால் நன்மை மிகுதியா? இவற்றைக் கேட்கும் துணிவை அவளுக்கு அளிப்பது குடும்பத்தின் கடமை. வைத்தியரின் அறையில் அவளருகே கணவனும் அமர்ந்து விடைகளைக் கேட்பானாயின், வீட்டில் எழும் வீண் பேச்சுக்கு விடை சொல்லும் பொறுப்பும் அவனுடையதாகும்.