இயந்திரம் இறங்கியது செவ்வாயில், ஆரவாரம் எழுந்தது பூமியில்

(சங்கத்தின் மூத்த உறுப்பினர்களுக்கான மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏதாவது விஞ்ஞான விஷயமாகப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்தவன், அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் கோப்புகளோடு காலம் தள்ளியவன். விஞ்ஞானி அல்ல. ஆகவே ராக்கெட் எப்படிப் போகிறது என்று பாடம் நடத்தப் போவதில்லை. மனிதன் அனுப்பிய இயந்திரங்கள் செவ்வாய் கிரகத்தில் இறங்கியபோது, இங்கே பூமியில் இருக்கும் நம்மைப் போன்ற சாதாரண ஜனங்கள் எப்படிச் சந்தோஷப்பட்டார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள், எதற்கு அழுதார்கள் என்பதை மட்டும் சொல்லப் போகிறேன்.

நான் வருவதற்குள்ளேயே ஒரு மாமி கேட்டுவிட்டார்: "இத்தனை வண்டி அங்கே இறங்கியாச்சே, இனிமேலும் செவ்வாய் தோஷம் பார்க்கணுமா?" அந்தக் கேள்வி என் பாடத்திட்டத்தில் இல்லை. ஜோசியர்களிடமே விட்டுவிடுகிறேன்.

முதலில் 1976. அமெரிக்காவின் வைக்கிங்-1 அந்த வருஷம் ஜூலை 4ஆம் தேதி, அந்த நாட்டின் இருநூறாவது சுதந்திர தினத்தன்று இறங்குவதாக ஏற்பாடு. ஆனால் மேலே சுற்றிக்கொண்டிருந்த கலம் அனுப்பிய படங்களில், தேர்ந்தெடுத்த இடம் கரடுமுரடாகத் தெரிந்தது. விழா எடுக்கக் காத்திருந்த தேசத்தில், "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் அந்த அதிகாரிகளுக்கு இருந்தது. வேறு இடம் தேடி ஜூலை 20ஆம் தேதி பத்திரமாக இறக்கினார்கள். மேலிடம் குறித்த தேதிக்குள் திறப்பு விழா நடந்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியை அனுபவித்தவர்கள் இந்தச் சபையில் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு இதன் அருமை புரியும்.

முதல் வர்ணப் படத்தில் வானம் நீலமாகத் தெரிந்தது. நம் ஊர் வானம் மாதிரியே இருக்கிறதே என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு கேமராவின் வர்ணங்களைச் சரிபார்த்தபோது, வானம் நீலமில்லை, வெளிர் சிவப்பு என்று தெரிந்தது. இரும்புத் துரு கலந்த நுண்ணிய தூசி காற்றில் மிதப்பதே காரணம். இதை அறிவித்தபோது கூடியிருந்த நிருபர்கள் வேடிக்கையாகக் கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்களாம்! கோடிக்கணக்கான மைல் பிரயாணம் செய்து போயும் நம் வாசலில் தெரியும் வானமே அங்கேயும் தெரிய வேண்டும் என்று மனசு ஆசைப்படுகிறது.

அதே ஜூலை மாதம் வைக்கிங் சுற்றுக்கலம் எடுத்த ஒரு படத்தில், சைடோனியா என்ற பகுதியில் மனித முகம் போல ஒரு குன்று தெரிந்தது. ஒளியும் நிழலும் செய்யும் ஜாலம் என்று நாசாவே சொல்லித்தான் வெளியிட்டது. யார் கேட்டார்கள்? புத்தகங்கள் எழுதினார்கள். சர்க்கார் உண்மையை மறைக்கிறது என்றார்கள். பழைய படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் சுமார் ஐம்பது மீட்டர். 1998லும் 2001லும் வேறொரு கலம் அதைவிடப் பன்மடங்கு துல்லியமாகப் படம் எடுத்தது. கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை; சாதாரணக் குன்று. மேகத்தில் யானையையும் சுவரின் கறையில் தாடிக்காரரையும் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். பார்ப்பதில் தவறில்லை. தெளிவான படம் வந்த பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் தவறு.

அடுத்து 1997, ஜூலை 4. பாத்ஃபைண்டர் என்ற கலம் காற்றுப் பைகளைச் சுற்றிக்கொண்டு, பந்து போலப் பதினைந்து முறைக்கு மேல் துள்ளித் துள்ளி நின்றது. அதற்குள்ளிருந்து சுமார் பத்தரை கிலோ எடையுள்ள சோஜர்னர் என்ற குட்டி வண்டி வெளியே வந்தது. கட்டுரைப் போட்டியில் ஒரு பள்ளிச் சிறுமி சூட்டிய பெயர் அது. இண்டர்நெட் அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. முதல் ஒரு மாதத்தில் அந்த இணையதளங்களுக்கு 56 கோடிக்கும் மேல் 'ஹிட்'கள். ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தாலே பல ஹிட் ஆகும் என்பதால், அத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்று அர்த்தமில்லை. ஆனாலும் அந்தக் காலத்துக்கு அது பிரமிப்பான எண்ணிக்கை. அந்த வண்டியைப் போன்ற பொம்மைகள் கடைகளில் வந்த வேகத்தில் விற்றுப்போயின.

அதே மாதம் இன்னொரு வேடிக்கை. ஏமன் நாட்டில் மூன்று பேர், செவ்வாய் கிரகம் மூவாயிரம் வருஷங்களுக்கு முன்பே மூதாதையர் வழியாகத் தங்களுக்கு வந்த சொத்து என்றும், அனுமதியில்லாமல் நாசா உள்ளே நுழைந்துவிட்டது என்றும் வழக்குத் தொடுத்தார்கள். பட்டா, சிட்டா எல்லாம் கேட்டிருந்தால் என்ன காட்டியிருப்பார்களோ!

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. இனிமேல் சொல்லப்போவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இறங்காமல் போனவற்றை நாம் எப்படி நடத்துகிறோம்?

1999ஆம் வருஷம் அமெரிக்காவின் இரண்டு கலங்கள் போயின. ஒன்று சுற்றுக்கலம். ஒரு தரப்பு பவுண்டுக் கணக்கிலும், இன்னொரு தரப்பு நியூட்டன் என்ற மெட்ரிக் அளவிலும் கணக்குப் போட்டதால் அது அழிந்தது. இரண்டாவது, துருவப் பகுதியில் இறங்க வேண்டிய கலம். கால்கள் விரிந்தபோது ஏற்பட்ட அதிர்வைத் தரை தட்டியதாக நினைத்து, உயரத்திலேயே எஞ்சினை நிறுத்தியிருக்கலாம் என்று முடிவு சொன்னார்கள். தொலைக்காட்சியில் பரிகாசத்துக்குக் குறைவில்லை.

2003ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று பிரிட்டனின் பீகிள்-2 இறங்க வேண்டும். அதற்கு உயிராக இருந்தவர் காலின் பில்லிங்கர் என்ற பேராசிரியர். பணம் போதவில்லை. கிருதா வைத்த அந்த மனிதர் பத்திரிகை, தொலைக்காட்சி என்று ஏறி இறங்கி ஜனங்களின் ஆர்வத்தைக் கிளப்பினார். கலம் அனுப்ப வேண்டிய அடையாள ஒலியை 'ப்ளர்' என்ற இசைக்குழு அமைத்துக் கொடுத்தது. கேமராவைச் சரிபார்க்க டேமியன் ஹர்ஸ்ட் என்ற ஓவியர் வர்ணப் புள்ளிகள் வரைந்து கொடுத்தார். குறித்த நாள் வந்தது, ஒலி வரவில்லை. வாரக்கணக்கில் காத்திருந்தும் வரவில்லை. விசாரணைக் குழு உட்கார்ந்தது. நிர்வாகம் சரியில்லை, சோதனைகள் போதாது, நிதி ஏற்பாடு சரியில்லை என்றெல்லாம் குறை சொன்னது. சொன்னதில் நியாயமும் இருந்தது. ஆனால் ஜனங்கள் மனசில் 'பீகிள்' என்றாலே தோல்விக்கு இன்னொரு பெயர் என்று பதிந்துவிட்டது.

பில்லிங்கர் 2014 மே மாதம் காலமானார். 2015 ஜனவரியில், செவ்வாயைச் சுற்றும் அமெரிக்கக் கலம் எடுத்த படங்களில் பீகிள்-2 தென்பட்டது. நொறுங்கவில்லை. பாராசூட் விரிந்து, குறித்த பகுதிக்குள் இறங்கி, மூடியைத் திறந்து, சூரியத் தகடுகளையும் விரிக்க ஆரம்பித்திருக்கிறது. எல்லாத் தகடுகளும் விரியவில்லை போலிருக்கிறது. அவற்றின் அடியில்தான் ஆன்டெனா இருந்தது. அதனால் பேச முடியவில்லை. கடினமான காரியம் அத்தனையும் ஜெயித்து, கடைசிப் படியில் நின்றுபோயிருக்கிறது. இதைக் கேட்க அவர் எட்டு மாதம் இருந்திருக்கக் கூடாதா?

இதைப் படித்தபோது நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் இருந்த பொறியாளர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் மேற்பார்வையில் அமைந்த நீரேற்று நிலையம் முதல் வருஷமே பழுதானது. விசாரணை ஒன்பது வருஷம் இழுத்தது. கிராஜுவிட்டியை நிறுத்தி வைத்தார்கள். வேலை நடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம், கெட்டுப்போன பிறகு பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதினார்கள். கடைசியில் "இவர் மீது குற்றமில்லை" என்ற உத்தரவு வந்தது. அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டவர் அவருடைய மனைவி.

விசாரணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காரணத்தைத் தேடுவது வேறு, ஆளைத் தேடுவது வேறு. 2019 செப்டம்பர் 7ஆம் தேதி அதிகாலையில் நம் விக்ரம் கலம் சந்திரனில் இறங்கும் கடைசிக் கட்டத்தில் தொடர்பு அறுந்தது. இஸ்ரோ தலைவர் சிவன் கண் கலங்கியதும், பிரதமர் அணைத்துத் தேற்றியதும் எல்லோரும் பார்த்ததே. கிண்டல் செய்தவர்களும் உண்டு. ஆனால் தேசம் மொத்தத்தில் ஆறுதலாகவே நின்றது. அதற்குப் பிறகு, எது எது தவறலாம் என்று ஒவ்வொன்றாக யோசித்து அதற்குத் தகுந்தாற்போல் கலத்தை மாற்றி அமைத்தார்கள். 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி மாலை சந்திரயான்-3 இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். சந்திரன் கிரகமல்ல, உபகிரகம் என்பது தெரியும். பாடம் ஒன்றுதான் என்பதால் சொன்னேன்.

இனி அழுகையைப் பற்றி. 2004 ஜனவரியில் ஸ்பிரிட், ஆபர்ச்சூனிட்டி என்று இரண்டு வண்டிகள் இறங்கின. உத்தரவாதம் 90 செவ்வாய் நாட்கள். அங்கே ஒரு நாள் நம் நாளைவிடச் சுமார் நாற்பது நிமிஷம் அதிகம். அந்தக் கணக்கில் தினமும் நாற்பது நிமிஷம் தள்ளி வேலைக்கு வந்தவர்களுக்காக, ஒரு கடிகாரக் கடைக்காரர் மெதுவாக ஓடும் கைக்கடிகாரங்களே செய்து கொடுத்தார். ஸ்பிரிட் 2010 வரை பேசியது. ஆபர்ச்சூனிட்டி 2018 ஜூன் 10 வரை, பதினான்கு வருஷத்துக்கு மேல், 45 கிலோமீட்டர் ஓடியது. பெரிய தூசிப் புயல் சூரியனை மறைத்தது, மின்சாரம் குறைந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைகள் அனுப்பிப் பார்த்துவிட்டு, 2019 பிப்ரவரி 13ஆம் தேதி முடிந்தது என்று அறிவித்தார்கள்.

அந்த வண்டி கடைசியாக அனுப்பியது எண்கள்தான்: மின்சாரம் இவ்வளவு, வானம் இவ்வளவு மங்கல். ஒரு பத்திரிகையாளர் அதை, பேட்டரி குறைகிறது, இருட்டிக்கொண்டு வருகிறது என்று மனிதர் பேசுவது போல எழுதினார். உலகமே அதை அந்த வண்டியின் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொண்டு அழுதது. வண்டிக்கு வலிக்காது, பௌதிகம் படித்தவனாக அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனாலும் அழுதவர்களை நான் கேலி செய்யமாட்டேன். ஆயுத பூஜையன்று ஸ்கூட்டருக்குச் சந்தனம் குங்குமம் இடுகிறோமே! நமக்காக உழைத்த ஒன்றிடம் நன்றி காட்டுவது நல்ல குணம்தான்.

கடைசியாகப் பணம். ஒவ்வொரு முறையும் வரும் கேள்வி: ஏழை ஜனங்கள் இருக்கும்போது இது தேவையா? 2012ல் இறங்கிய க்யூரியாசிட்டிக்கு ஆன செலவு சுமார் 250 கோடி டாலர். கேள்வி நியாயமானது, வரி கட்டுகிறவர் கேட்கத்தான் வேண்டும். ஆனால் செவ்வாயில் இறங்கியது 900 கிலோ எடையுள்ள வண்டி மட்டுமே. பணம் முழுவதும் இங்கேதான் சம்பளமாகவும் தொழிற்சாலை ஆர்டராகவும் செலவாகியிருக்கிறது. நாசாவின் மொத்தச் செலவே அமெரிக்க மத்திய பட்ஜெட்டில் நூற்றுக்கு அரை பங்கு கூட இல்லை. அதை நிறுத்தினால் அந்தப் பணம் தானாக ஏழை வீட்டுக்குப் போய்ச் சேராது என்பது, பட்ஜெட் கோப்புகளைப் பார்த்த எவருக்கும் தெரியும்.

2021 பிப்ரவரி 19, நமக்கு அதிகாலை இரண்டரை மணி. பெர்சிவரன்ஸ் இறங்கியதை அறிவித்தவர் பெங்களூரில் பிறந்த ஸ்வாதி மோகன். அவர் நெற்றிப் பொட்டைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசினார்கள். பேசட்டும், சந்தோஷம்தான். அதே கலத்தோடு போன குட்டி ஹெலிகாப்டரின் தலைமைப் பொறியாளர் பாப் பலராம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். அவரைப் பற்றியும் கொஞ்சம் பேசியிருக்கலாம். ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பியது 72 முறை பறந்தது.

ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். அன்றைக்கு அங்கிருந்து செய்தி வரப் பதினொரு நிமிஷம். இறங்க ஆவது ஏழு நிமிஷம். ஆகவே காற்று மண்டலத்தைத் தொட்டுவிட்டது என்ற செய்தி இங்கே வரும்போது, அங்கே எல்லாம் முடிந்துபோயிருக்கும். பிழைத்ததா, உடைந்ததா என்று தெரியாமல் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து வருஷ உழைப்பு அந்தச் சில நிமிஷங்களில் அடங்கியிருக்கிறது. அடுத்த தடவை ஏதாவது கலம் இறங்கும்போது பேரன் பேத்திகளை எழுப்பி உட்கார வையுங்கள். இறங்கினால் கை தட்டச் சொல்லுங்கள். இறங்காவிட்டால் சிரிக்காமல் இருக்கச் சொல்லிக் கொடுங்கள். நாளைக்கு அவர்களில் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரக்கூடும்.

வெளியே காபி ஆறுவதற்குள் விடைபெறுகிறேன்.