நம் மூச்சை யார் அளப்பது?



நீலகிரி என்றால் நல்ல காற்று என்கிறார்கள். அது சுற்றுலா வருகிறவர்களுக்கு. தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் நம் பெண்களும், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் நிற்பவர்களும் இழுப்பது வேறு காற்று.

அதை அளக்க வழி உண்டு. சட்டைக் காலரில், மூக்கருகே வடிகட்டி. இடுப்பில் சிறு பம்பு. ஷிப்டு முழுக்க அது ஓட வேண்டும். சுவரில் மாட்டிய கருவி கூடத்தின் காற்றைச் சொல்லும். குனிந்து தூசி பெருக்குகிறவர் எவ்வளவு இழுத்தார் என்பதைச் சொல்லாது.

போபாலுக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் நச்சுக் காற்றுக்கு வரம்பு வந்தது. பெரும்பாலும் அது 8 மணி நேரச் சராசரி. தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து, 1946இல் வாரம் 48 மணி என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தவர் அண்ணல் அம்பேத்கர். அந்த 8 மணி நேரம் பறிபோனால் வரம்பும் பொய்யாகிறது. 12 மணி நேரம் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் நுரையீரலுக்கு அந்த எண் எழுதப்படவில்லை.

கொடைக்கானல் பாதரச வெப்பமானி ஆலை மூடப்பட்டது 2001இல். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உடன்பாடு வந்தது 2016இல். காற்றின் கணக்கு முதலாளி கையில் மட்டும் இருந்தால், நியாயத்துக்கு 15 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

தகவல் கேட்கும் உரிமையையும் 1987 திருத்தமே தந்தது. ஆகவே கேட்போம்: யார் சட்டையில் மாட்டி அளந்தீர்கள்? பெருக்குகிறவரும் தொட்டி கழுவுகிறவரும் அந்தக் கணக்கில் உண்டா? அந்த வேலைகள் எந்தச் சாதிக்கு ஒதுக்கப்படுகின்றன என்பது நமக்குத் தெரியும். கிடைத்த எண்ணைத் தமிழில் எழுதி ஆலை வாசலில் ஒட்டச் சொல்வோம். நினைவு நாளில் நாம் எடுக்கும் வேலை இதுதான்.